ஒட்டு

போர்வை தைப்பதற்கென்று துணி வாங்கக் கூடாது. சூழலுக்குக் கேடில்லாமல் வீட்டில் தைப்பது எப்படி என்று கேட்கும் நண்பர்களிடம் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஆர்கானிக் பருத்தி எங்கே கிடைக்கும், இயற்கைச் சாயம் போட்ட துணி எந்தக் கடையில், மக்கும் நூல் என்ன விலை என்று ஒரு பட்டியலை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். இப்போது சதுரம் சதுரமாக வெட்டி, ரிப்பன் கட்டி, பெட்டியில் வைத்தே விற்கிறார்கள். புத்தம்புதுத் துணியை நெய்து, சாயமேற்றி, துண்டு துண்டாக வெட்டி, அதை மறுபடி ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டு 'மறுபயன்பாடு' என்று பெயர் வைக்கிறோம். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள். அதில் பெரும்பகுதி பருத்திக் காட்டிலேயே போய்விடுகிறது. கடையில் நம் கைக்கு வரும்போது அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த நூலால் தைத்தால் என்ன?

வங்காளத்தில் காந்தா தைத்த பெண்கள் நூலைக்கூட வாங்கவில்லை. தேய்ந்த புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, அதைக்கொண்டே தைத்தார்கள். அவர்களுடைய காந்தாவும் நம்முடைய கந்தையும் உறவுச் சொற்கள். அங்கே அது கலையாகி, கண்காட்சிக்குப் போய், விலைச்சீட்டு கட்டிக்கொண்டது. இங்கே கந்தை இன்னும் கந்தையாகவே இருக்கிறது. அது ஏன் என்று எனக்கு ஓரளவு தெரியும். என் வீட்டிலேயே அதற்கான விடை இருக்கிறது, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு.

நான் வளர்ந்தது திருப்பூரில். அம்மா பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, பிறகு டைலரானவள். தையல் பெண்களின் வேலை என்ற எண்ணம் திருப்பூர்க்காரனுக்கு வராது. அங்கே மிஷினில் உட்கார ஆணென்ன, பெண்ணென்ன. காலேஜ் லீவில் பவர் டேபிளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு கோட் எழுதப் போனேன். அம்மா இப்போது எங்களோடு கோவையில் இருக்கிறாள். அவளுடைய பழைய கால் மிஷினும் வந்தது. பால்கனியில் துண்டு போர்த்தி வைத்திருந்தோம். வேலையை விட்ட பிறகு அம்மா அதில் உட்காரவே இல்லை. "பொழுதோட தெச்சது போதாதா?" என்பாள்.

சாயத்தின் விலையையும் அந்த ஊரில்தான் பார்த்தேன். எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று நொய்யலைப் பார்த்தே சொல்வோம். விளையாட்டாகத்தான் சொல்வோம். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு வந்து தேங்கி, கீழே கிணறும் நிலமும் உப்பாகி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நிறையப் பேர் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள், எங்கள் தெருவிலும். ஆறு பிழைக்க வேண்டும் என்பதும் அடுப்பு எரிய வேண்டும் என்பதும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் இருந்தன. அதனால், கையில் இருக்கும் ஒரு பழைய நீலச் சட்டையைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, இதற்கான ஆற்றை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்பதுதான். இன்னொரு பத்து வருடம் அதை உழைக்க வைத்தால் புதிதாக எந்த ஆற்றையும் கேட்க வேண்டியதில்லை.

திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் வாங்கி வந்து தைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். நல்ல யோசனை மாதிரி தெரியும். ஆனால் அங்கே வேஸ்ட் என்று எதுவும் இல்லை. கழுத்தும் அக்குளும் வளைவாக வெட்டப்படுகிற வரைக்கும் துண்டு விழத்தான் செய்யும். அது வெள்ளை தனி, கலர் தனி என்று பிரிக்கப்பட்டு, மூட்டையாகி, லேத் பட்டறைக்குத் துடைக்கும் துணியாக, கால்மிதியாக, மெத்தைக்குள் அடைக்கும் பொதியாக, மறுபடி பஞ்சாக்கி நூற்கும் மில்லுக்குச் சரக்காகப் போய்விடும். அதை நம்பி ஒரு கூட்டம் பிழைக்கிறது. உண்மையில் யாரும் தேடி வராத துணி நம் அலமாரிகளில் கிடப்பதுதான்.

அலமாரியைத் திறந்தால் முதல் வேலை பிரிப்பது. ஐ.டி.க்காரன் வீட்டில் டி-சர்ட்டுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு ஹேக்கத்தானுக்கும் ஒன்று, ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒன்று. இரண்டு முறை போட்டிருப்போம். பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது, இழுத்தால் நீளும். சட்டையும் புடவையும் பாவும் ஊடையுமாக நெய்தவை, இழுத்தால் நிற்கும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒன்று அலையலையாகச் சுருங்கும். பின்னலாடையைத்தான் போட வேண்டும் என்றால் அடியில் மெல்லிய நெய்த துணியை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாகப் பாவித்துத் தைக்கலாம். முனை மழுங்கிய ஊசி வேண்டும். கூர் ஊசி பின்னலை அறுத்து ஓட்டை விடும். முதல் போர்வைக்கு நெய்த துணி மட்டும் போதும் என்பது என் கட்சி.

அடுத்தது நூலை எரித்துப் பார்ப்பது. துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்து, அடுப்பங்கரைத் தொட்டிக்கு மேலே வைத்து நெருப்பைக் காட்டினால், பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகிவிடும். இரண்டும் கலந்ததென்றால் கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மணி. அம்மாவின் புடவைகளை இப்படிப் பார்த்தபோது எங்கள் வீட்டின் வரலாறே கிடைத்தது. கல்யாணமான புதிதில் கட்டிய சின்னாளபட்டிச் சுங்குடி இரண்டும் பருத்தி. அதற்குப் பிறகு வேலைக்குப் போன காலம் முழுக்க உருகும் புடவைகள்தான். துவைத்துப் போட்டால் ராத்திரிக்குள் காயும், இஸ்திரி வேண்டாம், கிழியாது, விலையும் குறைவு. எந்நேரமும் பருத்தியைக் கையிலும் மிஷினிலும் வைத்திருந்தவள் உடம்பில் பாலியஸ்டர். சூழல் பற்றிப் பேசும்போது செயற்கை இழையைத் திட்டுவது எளிது. துவைக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணுக்குத் தெரியாத பிசிறைத் தண்ணீரில் விடுகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த ஒருத்தி வாரம் ஒரு நாள் கஞ்சி போட்டுப் புடவையை மொடமொடவென்று காயவைக்கக் கூடாதா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

சிக்கல் புடவையில் தொடங்கவில்லை. மகளுக்கு நாலு வயது. அவளுக்கு ஒட்டுப்போர்வை தைக்கப் போகிறேன் என்று சொன்னபோது தொடங்கியது.

"ஏங்கண்ணு, கடையில போர்வை தீந்துபோச்சா?"

"பழைய துணி சும்மாதானம்மா கெடக்கு."

"நாலு பேரு வந்து போற ஊடு. ஒட்டுப்போட்ட துணியப் புள்ளைக்குப் போத்துனா என்ன நெனப்பாங்க?"

இதே அம்மாதான் மகள் பிறந்தபோது அப்பாவின் பழைய வேட்டியைக் கேட்டு வாங்கிக் கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். புதுத்துணி பிள்ளைத் தோலுக்கு ஆகாது என்று நர்சிடமே வாதாடினாள். அப்படியென்றால் பழந்துணி அவளுக்குப் பிரச்சினை இல்லை. பழசு வேறு, ஒட்டு வேறு. பழசு என்றால் வீட்டில் துணி இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஒட்டு என்றால் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் பள்ளியில் டவுசரின் பின்பக்கம் கிழிந்தவனுக்கு 'தபால் பெட்டி' என்று பெயர். காகிதத்தை மடித்துப் பின்னால் செருகிவிட்டு ஓடுவார்கள். என்னை யாரும் அப்படிச் செய்ததில்லை, அம்மாவின் கை அப்படி. கிழிந்த இடத்துக்குக் கடையில் காக்கித் துணி வாங்கி ஒட்டமாட்டாள். போன வருட டவுசரை எடுத்து வைத்திருப்பாள். இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் ஒரே அளவு துவைபட்டு ஒரே அளவு வெளுத்திருக்கும். அதிலிருந்து வெட்டி, பாவு பாவோடும் ஊடை ஊடையோடும் சேருகிற மாதிரி உள்பக்கமிருந்து வைத்து, விளிம்பை இழை இழையாகக் கோத்துவிடுவாள். பழசுக்குப் பழசுதான் சேரும் என்பாள். அதில் அழகு மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. நைந்த துணியின் மேல் திடமான புதுத்துணியை வைத்தால் முதல் சலவையிலேயே அது சுருங்கி, சுற்றியிருப்பதைப் பிய்த்துக்கொண்டு வரும். இன்றைக்கும் பழந்துணியில் தைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் நுட்பம் இதுதான்.

ஏழாம் வகுப்பில் ஒருவன் கண்டுபிடித்தான். பெஞ்சில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், வெயில் விழுந்த கோணத்தில் தையலின் நிழலைப் பார்த்துவிட்டான். நான் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, அந்த மாதம் முழுக்க அம்மா இரவு பத்து மணிக்கு வந்தாள். இரண்டு புது டவுசர் வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒட்டுப் போடவில்லை. கிழிந்தால் கரித்துணி, அவ்வளவுதான்.

இப்போது உலகம் முழுக்க ஒட்டைத் தெரியும்படி போடுவது ஃபேஷன். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸின் மேல் சிவப்பு நூலில் பளிச்சென்று தைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கும் பிடிக்கும். அழகாகவே இருக்கிறது. ஆனால் அது யார் உடம்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அழகாகிறது. சம்பளம் வாங்கும் ஒருவன் ஒட்டுப் போட்ட சட்டையோடு ஆபீஸ் போனால் கொள்கைக்காரன். அதே சட்டையோடு வீட்டு வேலைக்கு வரும் அக்கா வந்தால், நம் வீட்டிலேயே ஒரு பழைய சட்டையைத் தேடி எடுத்துக் கொடுப்போம். அம்மாவின் கைத்திறன் முழுவதும் ஒட்டை மறைப்பதில் இருந்தது. அந்தத் திறனுக்கு யாரும் பாராட்டுச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது நன்றாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

அம்மாவிடம் போனில் ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் காட்டினேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்றின் வளைவுக்குள் இருக்கிற சிற்றூர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்தவை. 1966-இல் அந்தப் பக்கத்துப் பெண்கள் கூட்டுறவாகத் தைத்து விற்க ஆரம்பித்தார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஆர்டர் வந்தது. அதில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போய்ப் போர்வையாயின. 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களின் சுவர்களில் இந்தப் போர்வைகள் ஏறின. 2006-இல் அஞ்சல் தலையாகவும் வந்தன.

ஆர்டர் தைத்து மிஞ்சிய துண்டு என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுவரை செக்கிங் டேபிளில் நிற்பவள் மாதிரிதான் பார்த்தாள். "கோடு நேரா வரல. இந்த மூலை இழுக்குது பாரு." அடுத்து நான் காட்டியது மிசூரி பெட்வே என்பவர் 1942-இல் தைத்தது. இறந்துபோன கணவனின் வேலைத் துணிகளை வைத்துத் தைத்த போர்வை. அம்மா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னொன்று, இன்னொன்று என்று தள்ளிக்கொண்டே போய், வேலைக் காற்சட்டைகளை வெட்டித் தைத்த ஒன்றில் நிறுத்தினாள்.

"இங்க பாரு, பாக்கெட் இருந்த எடம். அது மட்டும் சாயம் போகாம கருக்கா இருக்குது."

ஆமாம், இருந்தது. பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் ஜன்னல் மாதிரி அடர்நீலமாக நின்றது. சுற்றிலும் வெளுத்த நீலம். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், வண்ணச் சேர்க்கை என்றுதான் எனக்குப் பட்டிருந்தது.

"இதையா சொவத்துல மாட்டி வெச்சாங்க?"

"ஆமா."

"அவங்க சம்மதிச்சாங்களா?"

விற்றார்கள், பிறகு பணம் பற்றிய வழக்குகளும் நடந்தன என்று சொன்னேன். அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். "அது அவங்க ஊரு" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அலமாரிச் சாவி சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது. சம்மதமா, மறதியா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது பயன்படும். அட்டையில் 8.5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொண்டேன். அதை வைத்து 35 துண்டுகள்: என் ஆபீஸ் சட்டைகளின் முதுகுப்பகுதி (சட்டையில் கடைசிவரை தேயாத இடம் அதுதான்), மனைவியின் சுடிதார் டாப் மூன்று, மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன்கள், ஒரு சுங்குடி. மற்ற சுங்குடியை அம்மா தரவில்லை. அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7. துண்டுகளைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்குவதில்தான் நேரம் போகும், அதில் மகளையும் விடலாம். வெளிநாட்டுப் புத்தகங்கள் கால் அங்குலம் மடிப்பு விடச் சொல்கின்றன. அது புதுத்துணிக் கணக்கு. நைந்த துணி பிசிறு விடும், அரை அங்குலம் வேண்டும். வரிசை வரிசையாகத் தைத்து, ஒவ்வொரு வரிசையின் மடிப்பையும் எதிரெதிர்த் திசையில் இஸ்திரி போட்டுவிட்டு, பிறகு வரிசைகளை இணைத்தால் மூலைகள் ஒன்றோடொன்று உட்காரும்.

நடுவில் வைக்கப் பாலியஸ்டர் பஞ்சு அட்டை விற்கிறார்கள். கோயம்புத்தூர்க் குளிருக்கு அது எதற்கு? அப்பாவின் வேட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். அடியில் தேய்ந்து மெத்தென்றாகிவிட்ட ஒரு சென்னிமலைப் பெட்ஷீட், கட்டம் போட்டது. மூன்றையும் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஊக்குக் குத்திக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் புடைத்துக்கொள்ளும். பிறகு கையால் ஓட்டுத்தையல். தினமும் ராத்திரி மீட்டிங் முடிந்த பிறகு ஒரு வரிசை. மிஷின் நூல் பாலியஸ்டர்தான், கடையில் கிடைப்பது அதுதான். அதில் நான் ரொம்ப யோசிக்கவில்லை.

நாலாவது வரிசையை இணைத்துவிட்டு ஆபீஸ் அழைப்புக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் பால்கனியில் மிஷின் ஓடுகிறது. அம்மா அந்த வரிசையை முழுவதும் பிரித்திருந்தாள். மூலை ஒரு நூல் அளவு தள்ளி இருந்ததாம். எனக்கு அது பரவாயில்லை. அம்மாவின் தொழிலில் பரவாயில்லை என்ற சொல்லே கிடையாது.

"செக்கிங்ல வுட மாட்டாங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"இது கம்பெனிக்குப் போறதில்லம்மா."

"தையல் தையலாத்தான இருக்கோணும்."

மீதி மூன்று வரிசைகளையும் அவளே இணைத்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கு நடுவே தன் சுங்குடித் துண்டை நான் வைத்திருந்த நடு இடத்திலிருந்து எடுத்து, கீழ் ஓரத்துக்கு, கால் பக்கத்துக்கு மாற்றியிருந்தாள். அதைப் பற்றி நானும் பேசவில்லை.

மகள் அதைப் போர்த்திக்கொள்கிறாள், வீடு கட்டுகிறாள், அதன்மேல் பாலைக் கொட்டுகிறாள். எந்தத் துண்டு யாருடையது என்று விரல் வைத்துக் கேட்பாள். விருந்தாளிகள் வரும் நாளில் போர்வை மடிந்து பீரோவுக்குள் போய்விடும். இரண்டு முறை நான் எடுத்து வெளியே போட்டேன், இரண்டு முறையும் அது உள்ளே போனது. இப்போது விட்டுவிட்டேன். நான் போடும் ஒட்டு எனக்கு வேறு, அவளுக்கு வேறு. இருவரும் ஒரே துணியைப் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை துவைத்து மாடிக்குக் கொண்டுபோனோம். ஈரத்தில் நல்ல கனம், இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அம்மா கயிற்றின் மேல் போட்டாள், ஒட்டுப்பக்கம் உள்ளே இருக்கும்படி. எதிர்மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு சென்னிமலைக் கட்டம் மட்டும்தான் தெரியும்.

"ஏம்மா, திருப்பிப் போடலாமே?"

"வெயில்ல சாயம் போயிருங்கண்ணு."

அதுவும் சரிதான். மகள் இரண்டு மடிப்புக்கும் நடுவே புகுந்துகொண்டு, உள்ளேயிருந்து துண்டுகளை எண்ண ஆரம்பித்தாள். காற்றில் புரண்டுவிடாமல் இருக்க அம்மா கீழ் ஓரங்களைச் சேர்த்து நாலு கிளிப் போட்டாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, பிள்ளை வெளியே வருவதற்கு ஒன்றை மட்டும் எடுத்துவிட்டாள்.